இந்த வருடத்து இலுப்பை எண்ணெய்

பல்லேபொல,
14.10.1995

அன்பு மகள் சந்திரகாந்தாவுக்கு அப்பா ஆசியோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே இடுப்புக்கு மேலே சுகமாகவும் கீழே அரைச் சுகமாகவும் இருக்கிறேன், முழங்கால் இரண்டும் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகின்றன. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அந்தக் கோத்தகிரிக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியாத்தா கண் பார்க்கட்டும். உன் கடிதம் ஆவணிக் கடைசியில் வந்தது. கப்பலேறிப் போய்ப் பதினொரு வருடம் கழித்து இப்படி ஒரு சேதி எழுதுகிறாய், அதையும் மூன்றாம் பக்கத்தின் அடியில், கொழுந்து எடுக்கிற கதையும் மாமியாரின் பல்வலியும் எல்லாம் எழுதி முடித்த பிறகு எழுதுகிறாய். நான் பல்வலிக்கு என்ன மருந்து சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வாசித்துப் போனவன் அங்கே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நம் தோட்டத்து லய வரிசையில் பன்னிரண்டு காம்பராவில் இப்போது நாலில்தான் ஆள் இருக்கிறார்கள், மற்றவர்கள் உன்னைப் போலக் கப்பலில் போனது பாதி, வவுனியாப் பக்கம் போனது பாதி. இருக்கிற நாலு வீட்டாரும் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த தபால்காரர் நுஹ்மானைக் கைதட்டிக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சும்மா சொன்னாப் பத்தாது மாமா, இனிப்பு வேணும் என்றார். வீட்டில் இருந்தது ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி, அதை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதியாக வாசலில் நின்றே தின்றோம். உன் அம்மா இருந்திருந்தால் லயம் முழுக்கப் பாயசம் போயிருக்கும், லயத்தில் ஆள் இல்லாவிட்டாலும் போயிருக்கும்.

நீ கேட்ட எண்ணெயைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். கெண்டைக்கால் இழுக்கிறது, இடுப்பைப் பிழிந்து போடுகிறது, அம்மா தேய்த்துவிடுகிற இலுப்பை எண்ணெய் ஒரு போத்தல் இருந்தால் தேவலை என்று எழுதியிருந்தாய். போத்தல் தயார். மாத்தளையில் மிளகு, கறுவா வாங்குகிற அப்துல் ஸமத் நானா வருகிற செவ்வாய்க்கிழமை மதராஸுக்குப் பறக்கிறார், அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருவாராம். இந்தக் கடிதத்தை மதராஸில் தபாலில் போடுவார், போத்தலை மண்டியில் தன் ஆளிடம் கொடுத்து வைப்பார், விலாசம் தனித் தாளில் இருக்கிறது, மாப்பிள்ளை ஒரு நாள் கீழே இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளட்டும். இலுப்பை எண்ணெய் இந்தியாவில் கிடைக்காதா என்று உன் மாமியார் கேட்பார், கேட்கட்டும், கடை எண்ணெயில் எதைக் கலக்கிறானோ யாருக்குத் தெரியும், இது உன் அப்பன் கையால் பொறுக்கின கொட்டை. இப்போதைக்குக் காலில் மட்டும் தேய், லேசாகச் சுடவைத்துக் கீழிருந்து மேலாகத் தேய், அழுத்தாதே. இடுப்புக்குப் பிள்ளை பிறந்த பிறகு தேய்த்தால் போதும். பச்சைப் பிள்ளை மேல் போடாதே, வாயிலும் வைக்காதே. முருங்கை இலை போட்டு முறித்த எண்ணெயில் அம்மா பொரித்துக் கொடுத்தாளே என்று நீ சொல்லலாம், அது நல்ல எண்ணெய் கிடைக்காத காலம், அந்த வயிறுகளும் வேறு.

மாப்பிள்ளை நுவரெலியாப் பக்கத்து ஆள், அங்கே இந்த மரம் வராது, அதனால் அவருக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டு. எங்கள் மரம் ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக்காரி முத்துமெனிக்கேயின் வயல் வரப்பில் நிற்கிறது, இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. வைகாசி, ஆனியில் பூக்கும். பூ என்றால் தலையில் வைக்கிற பூ இல்லை, வெள்ளைப் பாசிமணி மாதிரி சதைப்பற்றாக இருக்கும், விடியற்காலையில் சொட்டுச் சொட்டென்று உதிரும், வாயில் போட்டால் சர்க்கரை. காய் பழுத்ததும் வௌவால்கள் வந்துவிடும். அவைகளுக்கு ஒரு பழக்கம், பழுத்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது, பழத்தைக் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டி நம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய மாமரத்தில் தொங்கிச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள். ஆகவே மரம் மெனிக்கேயுடையது, கொட்டை விழுவது நம் பின்முற்றத்தில், எண்ணெய் பிழிகிற பொறி மறுபடியும் அவள் வீட்டில். இப்படி மூன்று இடத்தில் இருக்கிற காரியத்தில் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. நாங்கள் பொறுக்கிக் காயவைத்து உடைத்துப் பருப்பாக்குவோம், அவர்கள் இடித்து அவித்துப் பையில் போட்டுப் பிழிவார்கள், எண்ணெய் பாதிப் பாதி. பாதியாக்குவதற்கு முன்னால் முதலில் ஒழுகுகிற எண்ணெய் யார் வீட்டுக்கும் போகாது, ஒரு சிரட்டை எங்கள் மாரியம்மன் விளக்குக்கு, ஒரு சிரட்டை அவர்கள் பன்சலையில் புத்தர் விளக்குக்கு. இந்த முறையை யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது, நான் இளவட்டமாக இந்தத் தோட்டத்துக்கு வந்தபோதே இருந்தது. மரத்தில் வீணாகிற சாமான் ஒன்றும் கிடையாது. இளங்கிளையைக் கழித்து வயல் சேற்றில் மிதித்தால் அவளுக்கு உரம், பட்டையை அவித்த தண்ணீர் சொறிக்கு, பிண்ணாக்கு தலைமுழுக, மிச்சப் பிண்ணாக்கை நெருப்பில் போட்டால் அந்தப் புகைக்குக் கொசு மட்டுமில்லை விருந்தாளியும் வரமாட்டான் என்பாள் உன் அம்மா.

எழுபத்து நாலாம் வருடம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அரிசியும் இல்லை மாவும் இல்லை, கூப்பன் கடை வாசலில் நின்றே ஆட்கள் மயங்கி விழுந்த வருடம். அந்த வருடம் மெனிக்கே தன் மரத்துப் பூவை விடியவிடியப் பொறுக்கி, காயவைத்து, குரக்கன் மாவோடு இடித்து உருண்டை பிடித்து நம் வீட்டுக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள். அவள் புருஷன் அப்போதே செத்துப்போயிருந்தான், ஒரே பிள்ளை சோமரத்ன, ஐந்து வயது. அவன் ஒரு நாள் காயவைத்த பூவை ஒரு சட்டி நிறையத் தின்றுவிட்டுத் தலை சுற்றி நம் வாசலில் விழுந்து, அக்கே அக்கே லயம் ஆடுது என்று சிங்களமும் தமிழுமாகக் கத்தினானே, நீ பயந்துபோய் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாய், அதற்கு மெனிக்கே உன்னைத் திட்டவில்லை, சிரித்தாள். நடக்கப் பழகுவதற்கு முன்னாலிருந்தே அவனை நீ இடுப்பில் வைத்துத்தான் கொழுந்துக் கூடை போலத் தூக்கித் திரிந்தாய். நீ கப்பலுக்குப் போன அன்று பஸ் பின்னாலேயே ஓடிவந்தவனும் அவன்தான், அப்போது மீசை கூட அரும்பிவிட்டது, வெட்கமில்லாமல் அழுதான். ஒவ்வொரு கடிதத்திலும் சோமே எப்படி இருக்கிறான், கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறாய். இந்தக் கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். நானும் ஆறு வருடமாக, அவன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான், நல்லபடி இருக்கிறான், வேலை அதிகம், வருவதில்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மகளே, அது பொய். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன், உன் அம்மாவின் படத்திடம் கூடக் கேட்டேன், அவள் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித் தெரிவதை விட நானே சொல்வது நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மிச்சத்தை வாசி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

எண்பத்து ஒன்பதில் இங்கே நடந்ததெல்லாம் உனக்குப் பேப்பரில் வந்திருக்கும். அது நம் ஆட்களின் சண்டை இல்லை, சிங்களப் பிள்ளைகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்தது, ஆனால் ரோட்டில் டயர் எரியும்போது யார் மேல் வாடை அடிக்காது சொல். செப்டெம்பரில் ஒரு வாரம் கடையும் இல்லை பஸ்ஸும் இல்லை வேலையும் இல்லை. உன் அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. முற்றம் முழுக்க இலுப்பைக் கொட்டை, எனக்குக் குனிய முடியவில்லை. சோமே திங்கட்கிழமை காலையில் ஓடையைத் தாண்டி வந்து, மாமா நீங்க ஒக்காருங்க நான் பொறுக்குறேன் என்று கூடையை வாங்கிக்கொண்டான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விடிந்து வந்தால் பொழுது சாய்ந்துதான் போவான், மத்தியானச் சோறும் என்னோடுதான், வெறும் சோறும் கட்டசம்பலும், அதற்கே மாமா சமையல் நல்லாத்தான் இருக்கு என்று என்னைக் கேலி செய்வான். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தியில் ஓடாமல் நின்ற ஒரு பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள். புகையை நாங்கள் இரண்டு பேரும் மாமரத்தடியில் நின்று பார்த்தோம். வெள்ளிக்கிழமை பஸ் ஓடுகிறதா என்று பார்க்கப் போய் பஸ் ஸ்டாண்டில் நின்ற சோமேயை நம்பர் பலகை இல்லாத வாகனத்தில் யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பஸ்ஸைக் கொளுத்தினதில் இவனும் ஒருத்தன் என்று எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை மெனிக்கே என் வாசலுக்கு வந்தாள். செருப்பு இல்லை, தலை வாரவில்லை. என்னை அவள் அய்யே என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் என்று அர்த்தம், மாப்பிள்ளைக்குச் சொல். அய்யே, அவன் மூணு நாளும் உங்ககிட்டத்தானே இருந்தான், எங்கூட டவுனுக்கு வந்து பட்டாளத்துக்காரங்ககிட்ட அந்த ஒரு வார்த்தைய சொல்லுங்க, எங்க சொந்தக்காரங்க யாரும் வரமாட்டேங்கிறாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க, ஒங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணுமில்லையே என்றாள். நான் உள்ளே பாயில் இருந்தேன். எழுந்து வரவில்லை. அப்போது என்னிடம் அடையாள அட்டை இல்லை, பிரஜாவுரிமைக் கடுதாசி கைக்கு வரவில்லை, நீ இந்தியாக்காரி, நான் எந்த நாட்டுக்காரன் என்று எந்த ஆபீஸிலும் எழுதியிருக்கவில்லை. எண்பத்து மூன்றில் மாத்தளையில் நம் ஆட்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவன். துவக்கு வைத்திருக்கிறவன் முன்னால் போய் ஒரு தமிழன் நின்று இந்தப் பையன் என்னோடு இருந்தான் என்று சொன்னால், அப்படியா நீயும் வா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். இதெல்லாம் பின்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. அந்த நேரம் இவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் மெனிக்கே, எழும்ப முடியலை, நாளைக்குப் பாப்பம் என்றேன். அவள் உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம், உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது எத்தனை நாள் தொட்டுப் பார்த்தவள். தொடவில்லை. சரி அய்யே என்று போய்விட்டாள். தனியாகத்தான் மாத்தளைக்கு நடந்து போனாள். சோமே அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. செத்தான் என்று சொல்ல ஒரு துணித்துண்டு கூடக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மெனிக்கேயோடு சேர்ந்து எண்ணெய் பிழிந்தோம், நல்ல மகசூல் என்று நான் வருடா வருடம் எழுதினேனே, அதுவும் பொய். கொட்டை விழும், பொறுக்குவேன், பருப்பாக்கி மூட்டை கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வேலிக் கடவில் வைத்துவிட்டு யாரும் பார்க்குமுன் திரும்பிவிடுவேன். அவள் தன் தம்பியை வைத்துப் பிழிவாள். பத்து நாள் கழித்து ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு பொட்டலம் பிண்ணாக்கும் அதே கடவில் இருக்கும், சரியாகப் பாதி. மாரியம்மனுக்கு ஒரு சிரட்டை தனியாக வாழையிலையால் மூடி இருக்கும். ஐந்து வருடம் இப்படி நடந்தது, ஒரு பேச்சில்லை. ஓடையில் குளிக்கும்போது தூரத்தில் தலையைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவள் சோமேக்காகத் தினமும் விளக்கு வைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், என் முற்றத்துக் கொட்டையில் வந்த எண்ணெய்தான் அது. லயத்தில் பேச ஆளில்லை என்று உனக்கு அடிக்கடி எழுதுகிறேன், நீயும் பாவம் அப்பா என்று பதில் எழுதுகிறாய். ஓடையைத் தாண்டினால் முப்பது வருடம் பழகின ஆள் இருந்தாள், போக முகமில்லாமல் இருந்தேன் என்பதுதான் சரி. சில நாள் காலையில் எழுந்து ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, தொண்டை இருக்கிறதா என்று பார்க்க வௌவாலைத் திட்டுவேன்.

இந்த வருடம் கொட்டை ஏராளம். உன் கடிதம் வேறு வந்துவிட்டதா, ஒரு கொட்டையை விடாமல் பொறுக்கினேன், வழக்கம்போல மூட்டையைக் கடவில் வைத்தேன். பத்து நாளாகியும் போத்தல் வரவில்லை. போய்ப் பார்த்தால் மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு மூலையில் எலி கடித்திருந்தது. முதலில் கோபம் வந்தது, பிறகுதான் பயம் வந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். மெனிக்கே அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மற்றக் கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வரப்பில் வழுக்கி விழுந்தாளாம், தம்பியும் வைகாசியில் தவறிவிட்டானாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சந்திரா முழுகாம இருக்கா மெனிக்கே, கால் வலியாம், எண்ணெய் கேட்டிருக்கா என்றேன். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து இதுதான் நான் பேசின பேச்சு. அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, எத்தன மாசம் என்று கேட்டாள். சொன்னேன். அப்ப நேரமாக்கக் கூடாது, உரல கழுவுங்க என்றாள்.

அந்தப் பொறியைத் தனி ஆள் இயக்க முடியாது, மாப்பிள்ளைக்குச் சொல். அவித்த மாவை ஓலைப் பையில் அடைத்து இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே நீளமான கட்டையைப் போட்டு, அதன் நுனியில் ஒருவர் ஏறி உட்கார வேண்டும், மற்றவர் கீழே குனிந்து பையைத் திருப்பித் திருப்பி வைத்து எண்ணெயை ஏந்த வேண்டும். அவளுக்குக் கை இல்லை, எனக்குக் குனிய இடுப்பில்லை. கடைசியில் அவள் கட்டை நுனியில் உட்கார்ந்தாள், நான் தரையில் உட்கார்ந்தே நகர்ந்து நகர்ந்து பையைத் திருப்பினேன். ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் வரும் என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. முதல் எண்ணெய் இரண்டு சிரட்டையிலும் விழுந்து நிறைந்த பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், மாத்தளக் கச்சேரி ஆபீசுக்கு அரசாங்கத்து ஆளுங்க வந்திருக்காங்க அய்யே, காணாமப் போன பிள்ளைங்களப் பத்திக் கேக்குறாங்க, செவ்வாய்க்கிழமை எனக்கு வரச் சொல்லியிருக்கு, நீங்க வருவீங்களா என்றாள். நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே வருகிறேன் என்றேன்.

போன செவ்வாய் போனோம். இப்போது அடையாள அட்டை இருக்கிறது, வழியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிப் பார்த்தார்கள், இந்த வருடம் சண்டை மறுபடி தொடங்கினதிலிருந்து அப்படித்தான், அட்டையைப் பட்டாளத்துப் பிள்ளையிடம் தலைகீழாக நீட்டினேன். மெனிக்கே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள், அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை. கச்சேரியில் ஒரு மண்டபம் நிறைய அம்மாமார், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு படம். எங்கள் முறை வந்ததும் நான் சிங்களத்தில் சொன்னேன், மூன்று நாளும் அவன் என் முற்றத்தில் இலுப்பைக் கொட்டை பொறுக்கினான், பஸ் எரிந்த நேரம் என் பக்கத்தில் நின்றான் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, இதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது காய்ச்சல் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். வாயில் வந்தது பயம் என்ற சொல். காய்ச்சல் என்று இவளிடம் பொய் சொன்னேன் ஐயா, பயத்தில் போகவில்லை என்றேன். அதையும் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பிறகு அறிவிப்போம் என்றார்கள். என்ன அறிவிப்பார்களோ தெரியாது. எனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று நீ பயப்படாதே, வந்தால் வரட்டும், எனக்கு அறுபத்தேழு ஆகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஆசனம்தான் கிடைத்தது, அவளை உட்காரச் சொன்னேன், அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பாதி வழி வந்ததும் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காய்ச்சல் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அய்யே, வர முடியாட்டியும் ஒரு கடிதாசியாவது எழுதிக் கொடுங்கன்னு கேக்க நான் ஓடை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன், நீங்க முத்தத்துல வெயில்ல நின்னு கொட்டைய கிளறி விட்டுக்கிட்டு இருந்தீங்க, அதான் கூப்பிடாமப் போயிட்டேன் என்றாள். இவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இத்தனை வருடம் தெரிந்துகொண்டுதான் பாதிப் போத்தலைக் கடவில் வைத்திருக்கிறாள். ஏன் வைத்தாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இறங்குகிற இடத்தில், நாளைக்கு வந்து பிண்ணாக்க எடுத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்துவிட்டாள்.

சந்திரா, கூட வா என்று அவள் கூப்பிட்டதற்கு மட்டும்தான் நான் பயந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்பது என் புத்தியில் ஒரு நாளும் வரவில்லை. பெயர் போட்டு, திகதி போட்டு, இந்தப் பிள்ளை இன்ன நாள் என்னோடு இருந்தான் என்று நாலு வரி. எழுதுகிறவன் நான், லயத்தில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், உனக்குப் பதினொரு வருடமாக எழுதுகிறேன், வௌவாலைப் பற்றிக் கூட அரைப் பக்கம் எழுதுகிறேன். இதை எழுதி முடிக்க இன்று ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. அந்த நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், சொல்.

நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, அழுவதென்றால் ஒரேயடியாக அழுது முடித்துவிட்டு முகம் கழுவிச் சாப்பிடு. தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, தேயிலை மலையில் மழை பெய்தால் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டோமே என்று நிற்காமல் வீட்டுக்கு வா, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. மாமியார் சொல்கிற பத்தியத்தைப் பிடி, அவர் என்னைப் பற்றிச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாரியாத்தா உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்து நல்லபடி கையில் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி சோமே எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதிக் கேட்காதே. மெனிக்கேக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, தமிழிலேயே எழுது, அவனை நீ தூக்கித் திரிந்ததெல்லாம் எழுது, என்னைத் திட்ட வேண்டுமானால் அதையும் அதிலேயே எழுது. நான் கொண்டுபோய் அவள் முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் வாசிப்பேன், ஒரு சொல்லையும் விடமாட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
மு. இருளாண்டி